சூளைப் பிள்ளைகளுக்கும் பால்வாடி வேண்டும்: சமூக நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்ட இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரியபாளையம், வெங்கல், ஊத்துக்கோட்டைப் பக்கம், செங்கல் சூளைகள் வரிசையாக நிற்கும் ஊர்களில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மேசைக்கு வரும் கடிதங்களில் முதல் பத்தியைத் தாண்டிப் படிக்க உங்களுக்கு நேரம் கிடைப்பது அரிது என்று தெரியும். வீட்டில் தமிழ் பேசாத குழந்தைகள் இருக்கும் ஒவ்வோர் அங்கன்வாடியிலும், அந்தக் குழந்தைகளின் மொழி பேசுகிற, அவர்கள் சனத்திலிருந்தே வந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். மையமே இல்லாத சூளைகளில் மையத்தையும் சேர்த்துத் திறங்கள். அவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் இதைக் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

உங்கள் துறை செய்ததெல்லாம் தெரியாமல் எழுதவில்லை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இது. 1982 ஜூலை 1-இல் சத்துணவு வந்தபோது பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்தே சோறு போட்ட மாநிலம் இது. இன்று 54,439 மையங்கள் நடக்கின்றன. முட்டை, பயறு, சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி, பாட்டும் விளையாட்டுமாக ஒரு பாடத்திட்டம், எல்லாம் இருக்கிறது. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜியும் வந்தது, 2022-இல் அதை மூடப்போவதாகச் செய்தி வந்ததும் பெற்றோர்கள் போட்ட சத்தத்தில் அது தொடர்ந்தது. ஏழைக் குழந்தைக்கு மூன்று வயதிலேயே அரசு பொறுப்பு என்பதை இந்த ஊரில் யாருக்கும் புரியவைக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வளையத்துக்கு வெளியே நிற்கிற பிள்ளைகளைப் பற்றி உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

சூளையின் ஆண்டுக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் சொல்கிறேன். ஒடிசாவின் மேற்கே பலாங்கீர், நுவாபடா, களஹண்டி மாவட்டங்களில் நுவாகாய் அறுவடைத் திருநாள் முடிந்ததும் தரகர்கள் முன்பணம் கொடுக்க ஆரம்பிப்பார்கள். கணவன், மனைவி, கைக்கு உதவியாக இன்னொருவர், இப்படிக் குடும்பத்தையே ஓர் அலகாக வைத்துத்தான் அந்தப் பணம். கார்த்திகை, மார்கழியில் ரயிலேறி வந்து இறங்குவார்கள். சுடாத கல்லை அடுக்கி, மேலே தகரம் போட்டு, குனிந்து நுழைகிற உயரத்தில் குடிசை. வெயிலுக்கு முன் கல் அறுக்க வேண்டும் என்பதால் பல சூளைகளில் நள்ளிரவு தாண்டியதும் வேலை தொடங்கிவிடும். தகப்பன் மண் பிசைந்து அச்சில் போட, தாய் எடுத்துக் கவிழ்க்க, கைக்குழந்தை பக்கத்தில் சாக்கு விரித்துத் தூங்கும். மே, ஜூனில் மழைக்கு முன் கணக்கு முடித்துக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த ஆண்டு அதே குடும்பம் வருமோ, வேறு குடும்பம் வருமோ, ஆனால் அதே சூளைக்கு அதே எண்ணிக்கையில் ஆள் வரும்.

அந்தக் குடிசை வரிசையில் மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் பகல் முழுக்க என்ன செய்கிறார்கள்? மண் குவியலில் இருப்பார்கள், லாரி திரும்புகிற இடத்தில் இருப்பார்கள், தாய் தூங்குகிற மதிய நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்வது ஏழெட்டு வயது அக்கா. இந்த அக்காவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவளுக்குப் படிக்க உரிமை உண்டு, சட்டம் இருக்கிறது, இந்த மாவட்டத்தில் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் கீழ் சூளைப் பள்ளிகளும் நடந்திருக்கின்றன, ஒடிசாவிலிருந்து ஒடியா பாடநூலே வரவழைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வேலை அது, நாட்டில் வேறு பலரும் செய்யாதது. ஆனால் அந்த அக்கா இடுப்பில் தம்பியோடுதான் வகுப்புக்கு வருவாள். தம்பி அழுதால் எழுந்து போவாள், தம்பிக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வாரம் வரமாட்டாள். நாங்கள் வருகைப் பதிவேட்டில் அவளுக்குப் போட்ட ஒவ்வொரு விடுப்புக்குப் பின்னாலும் ஒரு சின்னக் குழந்தை இருந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவளுக்குப் பள்ளி வைத்துவிட்டு, ஆறு வயதுக்குக் கீழே இருப்பவனை அவள் இடுப்பிலேயே விட்டுவைத்தால் இரண்டு பேருமே படிக்க மாட்டார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் கட்டாயம் என்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு அதன் 11-ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. ஆனால் உங்கள் துறைக்கு அதைவிடப் பலமான ஒரு கட்டளை இருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத கிராமப்புறக் குடியிருப்போ குடிசைப் பகுதியோ கேட்டால், கேட்ட நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி திறந்தாக வேண்டும். ஒரு பெரிய செங்கல் சூளையிலோ, அல்லது பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு மூன்று சூளைகளைச் சேர்த்தோ 40 குழந்தைகளைத் தேட வேண்டிய அவசியமே இருக்காது. அப்புறம் ஏன் மையம் இல்லை என்றால், கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத, ஊராட்சித் தலைவரின் மொழி தெரியாத, முன்பணக் கடனில் நிற்கிற ஒரு தாய் யாரிடம் போய் மனு கொடுப்பாள்?

கொடுத்தாலும் மூன்று மாதம் என்பது அவர்களுக்குப் பாதிப் பருவம். டிசம்பரில் கேட்டு மார்ச்சில் திறந்தால், பிள்ளைகள் மையத்தின் வாசனைக்குப் பழகும்போது ரயில் ஏற வேண்டிய நாள் வந்துவிடும். இதற்கு வழி ரொம்பச் சுலபம். குடும்பங்கள்தான் மாறுகின்றன, சூளை மாறுவதில்லை. எந்த வருவாய்க் கிராமத்தில் எத்தனை சூளைகள் என்பது மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது, சராசரியாக எவ்வளவு பேர் வருவார்கள் என்பது தொழிலாளர் துறையால் சொல்ல முடியும். சூளையையே ஒரு குடியிருப்பாகக் கணக்கில் எடுத்து, நவம்பர் முதல் ஜூன் வரை நடக்கிற பருவ மையம் என்று ஒரே ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக மனுப் போட வேண்டியதில்லை. 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேருக்கு ஒரு குறு மையம் என்ற உங்கள் அளவுகோலையே வைத்துப் பாருங்கள். அதை மாற்றவே வேண்டாம். ஆறு மாதம் இங்கே இருக்கிறவர்களையும் ஆள்கணக்கில் சேர்த்தால் போதும்.

கணக்கில் சேர்ப்பது என்றதும், அங்கன்வாடிப் பயனாளிகளைப் பதிகிற கைப்பேசிச் செயலியான போஷன் டிராக்கர் ஞாபகம் வருகிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களையும் அதில் பதியலாம், குழந்தைக்கு ஆதார் இல்லையென்றால் தாயின் ஆதார் போதும் என்று வழி இருக்கிறது. நல்லது. ஆனால் களத்தில் அந்தப் பணியாளரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு கைப்பேசி, ஏகப்பட்ட பதிவேடு, ஏற்கெனவே காலிப் பணியிடங்களால் பக்கத்து மையத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகப் பதிவும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணும் (ஓடிபி) வேண்டும். ஒடிசாவில் வாங்கிய சிம் கார்டு கணவனின் பாக்கெட்டில், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போய் இருக்கும். கடவெண் வராது. பின்னால் வரிசையில் பத்துத் தாய்மார்கள் நிற்கும்போது, மொழி தெரியாத ஒருத்திக்காக அந்தப் பணியாளர் எவ்வளவு நேரம் போராடுவார்? "அடுத்த மாசம் வாம்மா" என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அங்கே அந்தப் பெண்ணின் மொழி தெரிந்த இன்னொருத்தி உட்கார்ந்திருந்தால், அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, முடியாதபோது ஏன் முடியவில்லை என்பதையாவது விளக்கி, அடுத்த வாரம் கணவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருப்பாள்.

சரி, எப்படியோ பதிந்து, மையத்துக்குள் வந்துவிட்ட குழந்தையைப் பற்றிப் பேசலாம். இதுதான் எனக்கு அதிகம் தெரிந்த பகுதி, ஏனென்றால் அந்த மையத்தில் இரண்டு ஆண்டு உட்கார்ந்துவிட்டு என் ஒன்றாம் வகுப்புக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் மேற்கு ஒடிசாவின் சம்பல்புரியோ, பீகார்ப் பக்கத்துப் போஜ்புரியோ, நரிக்குறவர் மக்களின் வாக்ரிபோலியோ பேசுகிற மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் நாள் அங்கே நடப்பது எதுவும் புரியாது. ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியாது, சொன்னாலும் டீச்சருக்குப் புரியாது, நனைத்துவிட்டால் மற்ற பிள்ளைகள் சிரிக்கும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் அந்தக் குழந்தை பேசுவதையே நிறுத்திவிடும். அமைதியான பிள்ளை, தொந்தரவு இல்லாத பிள்ளை என்று பெயர் வாங்கும். சாப்பாட்டு நேரத்தில் தட்டை நீட்டும், தூங்கச் சொன்னால் படுக்கும், மாலையில் போய்விடும். அந்தப் பிள்ளை வந்ததாகப் பதிவேட்டில் இருக்கும், எடை கூடியிருக்கும், உங்கள் மாத அறிக்கையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் கதை கேட்கிற, கேள்வி கேட்கிற, "இது என்னது" என்று உயிரை வாங்குகிற அந்த வயது முழுதும் வாய் மூடியே போயிருக்கும்.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாத குழந்தையை இரண்டு விதமாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். நன்றாக இருக்கும் குழந்தையை மந்தம் என்று எழுதிவிடுகிறோம். உண்மையிலேயே காது கேளாத குழந்தையை, "தமிழ் தெரியாது, அதான் திரும்பிப் பார்க்க மாட்டேங்குது" என்று விட்டுவிடுகிறோம். என் வகுப்பில் இரண்டு வகைக் குழந்தைகளும் இருந்தார்கள். காது கேட்காததை மூன்று வயதில் கண்டுபிடித்தால் செய்ய முடிகிற எவ்வளவோ விஷயங்கள் ஏழு வயதில் செய்ய முடியாது. அந்தக் குழந்தை தன் தாய்மொழியிலாவது பேசுகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, வீட்டில் எப்படி இருக்கும் என்று தாயிடம் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும், இந்தக் குழப்பம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டிலேயே வேறு மொழி பேசும் குழந்தைகள் அங்கன்வாடியில் சிரமம் இல்லாமல் இருக்கிற இடங்களும் உண்டு. தாளவாடி மலையில் வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளைக்கும், ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிற பிள்ளைக்கும், வாணியம்பாடியில் உருது பேசுகிற பிள்ளைக்கும் இதற்கென்று தனி அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. ஏனென்றால் பணியாளரையோ உதவியாளரையோ உள்ளூரிலிருந்து எடுக்க வேண்டும் என்று உங்கள் விதி சொல்கிறது, உள்ளூர்க்காரருக்கு அந்த மொழி தெரியும், குழந்தை அழுதால் அந்த மொழியில் சமாதானம் செய்வார், பாட்டைத் தமிழில் பாடுவார், ஒரு வருடத்தில் பிள்ளை இரண்டிலும் பேசும். நான் கேட்பது இதே ஏற்பாட்டைத்தான். உள்ளூர் என்று நாம் ஒப்புக்கொண்ட சனங்களுக்கு இது தானாகவே கிடைத்துவிட்டது. இடம்பெயர்ந்து வருபவர்களுக்கும், ஊருக்குள்ளேயே இருந்தும் ஊராக எண்ணப்படாதவர்களுக்கும்தான் கிடைக்கவில்லை.

இரண்டாவதாகச் சொன்னவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். நரிக்குறவர் மக்கள் எத்தனையோ தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள், 2023 தொடக்கத்தில் பழங்குடிப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் குடியிருப்புகளிலிருந்து எத்தனை பேர் அங்கன்வாடி உதவியாளராக இருக்கிறார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியல் எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். இருளர் மக்கள் செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்கள், அவர்கள் குடியிருப்பு பெரும்பாலும் ஊரின் கடைசியில், ஏரிக்கரையில், மையத்திலிருந்து மூன்று வயதுக் கால் நடக்க முடியாத தூரத்தில் இருக்கும். அங்கிருந்து தூக்கிக்கொண்டு போய்விடத் தாய்க்கு நேரம் இருக்காது. நான் ஒருமுறை ஒரு மையத்தில், பெயர் வேண்டாம், இரண்டு பிள்ளைகள் மட்டும் வாசலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டேன். "அதுங்க அங்கதான் உட்காரும்" என்று பதில் வந்தது. அவர்களாக விரும்பித்தான் அங்கே போய் உட்காருகிறார்கள் என்று சொன்ன அந்த உதவியாளர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். மூன்று வயதுக்குள்ளேயே தன் இடம் எது என்று அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த அறையில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் அந்தப் பிள்ளைகளின் தெருக்காரராக இருந்திருந்தால், அவர்கள் போய் உட்காரும் இடம் அவர் மடியாக இருந்திருக்கும். ஊர்த் தெருவுக்கு ஒரு மையம், காலனிக்கு ஒரு மையம் என்று இன்னும் எத்தனை கிராமங்களில் நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

நான் கேட்பது புதிய யோசனையும் இல்லை. குழந்தைக் கல்வியாளர் தாராபாய் மோடக் 1945-இல் மகாராஷ்டிரத்தின் தாணே மாவட்டத்துப் போர்டி கிராமத்தில் குழந்தைப் பள்ளி தொடங்கியபோது ஒடுக்கப்பட்ட தெருக்களின் பிள்ளைகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருக்காமல், அவரும் உடன் பணியாற்றிய அனுதாய் வாக்கும் பள்ளியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெரு முற்றத்துக்கே போய்விட்டார்கள். பிறகு கோஸ்பாட் மலையில் வார்லி பழங்குடிப் பிள்ளைகளோடு, மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடத்தினார்கள். இன்று நீங்கள் நடத்தும் மையங்களின் பெயரும் யோசனையும் அங்கிருந்து வந்தவை. 1969-இல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக்காக ராஜ்காட்டில் கட்டுமான வேலை நடந்தபோது, தூசியில் கிடந்த கூலிப் பெண்களின் குழந்தைகளைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார், அதுதான் மொபைல் கிரெஷஸ் அமைப்பானது. வேலை முடிந்து தொழிலாளர் கிளம்பினால் காப்பகமும் அடுத்த இடத்துக்குக் கிளம்பும். கேரளாவில் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-இல் தொடங்கிய ரோஷ்னி திட்டத்தில், வெளிமாநிலப் பிள்ளைகள் படிக்கிற அரசுப் பள்ளிகளில் இந்தி, வங்காளம், ஒடியா தெரிந்த தன்னார்வலர்களை வகுப்புக்குள்ளேயே வைத்தார்கள், காலையில் சாப்பாடும் போட்டார்கள். பிள்ளைகள் தங்கள் மொழி வழியாக மலையாளத்துக்குள் வந்தார்கள். ஒடிசாவோ தன் அங்கன்வாடிகளுக்கான அருணிமா பாடத்திட்டத்தைப் பழங்குடி மொழிகளிலும் கொண்டுவந்திருக்கிறது. நம் சூளைக்கு வரும் பிள்ளையின் சொந்த மாநிலத்தில் பாட்டும் படமும் கதையும் தயாராகவே இருக்கின்றன. இரண்டு அரசுகளும் பாடநூலுக்காக ஏற்கெனவே ஒருமுறை பேசியிருக்கின்றன. பால்வாடிக்காக இன்னொரு முறை பேசலாம்.

இங்கே நம் பள்ளிக் கல்வித் துறையும் வெளிமாநிலப் பிள்ளைகளுக்காகத் தமிழ் மொழி கற்போம் என்ற திட்டத்தை நடத்துகிறது. மகிழ்ச்சி. ஆனால் அது பள்ளி வயதுக்கு. அந்த வயதில் தனி வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியதை மூன்று வயதில் விளையாட்டிலேயே பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் பயமில்லாத ஒரு முகம் இருந்தால்.

ஒடியா பேசும் ஆளை வைத்தால் பிள்ளைகள் தமிழ் கற்கமாட்டார்கள் என்று ஒரு மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னார். நான் பார்த்தது நேர்மாறு. தன் மொழியில் பேசி, பதில் கிடைத்துப் பழகிய குழந்தைதான் முதலில் தமிழில் வாய் திறக்கும். ஊமையாக உட்கார்ந்த குழந்தை கடைசி வரைக்கும் ஊமையாகத்தான் இருந்தது. இன்னொன்று, அந்தப் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். ஜூனில் ஊருக்குப் போனால் அங்கே ஒடியாவில் வகுப்பு, டிசம்பரில் இங்கே வந்தால் தமிழ். அதற்கு நாம் கொடுக்க முடிவது இரண்டு இடத்திலும் வாய் திறக்கிற தைரியம்.

தாய்மொழியைப் பற்றி இந்த மாநிலத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1937-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க ஏற்பாடு நடந்தபோது தொடங்கிய போராட்டம், 1965, அதில் போன உயிர்கள், இன்று வரை இருமொழிக் கொள்கையில் நாம் நிற்கிற உறுதி, எல்லாம் புரியாத மொழியில் பிள்ளையை உட்கார வைப்பது அநியாயம் என்ற ஒரே நியாயத்தில்தான் நிற்கிறது. அந்த நியாயம் வெங்கல் சூளையில் பிறந்த மூன்று வயதுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன். இதைச் செய்தால் நம் கொள்கைக்கு இதைவிட நல்ல சாட்சி வேறு எதுவும் இருக்க முடியாது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். இல்லம் தேடிக் கல்வியில் 2021-இலிருந்து அந்தந்தத் தெருப் பெண்களையே தன்னார்வலராக எடுத்து மாதம் 1,000 ரூபாய் கொடுத்தோம். அந்தத் தொகை குறைவு, அதை முன்மாதிரியாகச் சொல்லவில்லை. ஆனால் தெருவிலிருந்தே ஆளைக் கண்டுபிடிக்க முடியும், பயிற்சி கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. எல்கேஜி, யுகேஜி சிறப்பாசிரியர்களுக்கு 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்றபோதே குறைவு என்று சொன்னவள் நான். அதையே வைத்துப் பார்த்தாலும் ஒரு சூளை மையத்துக்கு ஒரு மொழி உதவியாளர் நவம்பர் முதல் ஜூன் வரை எட்டு மாதத்துக்கு 40,000 ரூபாய். கல் அறுக்கும் வேலையில் அந்தப் பெண்ணின் கூலி இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளை முன்பணக் கடன் விடாது. எப்படியும் சூளை உரிமையாளர்களிடமும் பேசத்தான் வேண்டும். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற கட்டுமான இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறையும் பயிற்சி பெற்ற ஆளும் வைப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டமே சொன்னது. சிறுசேரி, படூர்ப் பக்கம் எழும்பி நிற்கிற அடுக்குமாடிகளில் எத்தனை இடத்தில் அந்த அறை இருந்தது என்று தொழிலாளர் துறையைக் கேளுங்கள். 2015-16-இல் அந்தத் துறை எடுத்த கணக்கில் வெளிமாநிலத் தொழிலாளர் 10.67 லட்சம் பேர். அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது, புதிய கணக்கு எடுக்கும்போது தொழிலாளியோடு அவர் குழந்தைகளையும் வயதோடு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை பேர் என்று தெரியாமல் எத்தனை முட்டை அனுப்புவீர்கள்?

கல்வித் தகுதி ஒரு தடையாக நிற்கும் என்பதும் தெரியும். பத்தாவது தேறிய, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒடியாப் பெண்ணைச் சூளையில் தேடினால் கிடைக்க மாட்டார். நரிக்குறவர் குடியிருப்பில் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால் இதை வழக்கமான உதவியாளர் பணியிடத்துக்குள் திணிக்காமல், பருவகால மொழி உதவியாளர் என்று தனியாக வையுங்கள். வயது, மொழி, பிள்ளைகளிடம் பிரியம், அந்தச் சனத்தின் தாய்மார்கள் இவரைச் சரி என்று சொல்வது, இவை போதும். பதிவேடு எழுதுவது டீச்சரின் வேலையாகவே இருக்கட்டும். தங்கள் பிள்ளையை யாரிடம் விட்டுப் போகலாம் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும், போய்க் கேட்டால் ஒரு மணி நேரத்தில் ஆளைக் காட்டுவார்கள்.

மைய நேரத்தையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். விடியற்காலையிலிருந்து உழைத்துவிட்டு முற்பகலில் தாய் குடிசைக்குத் திரும்புகிற சூளையில், விடிந்து வெகுநேரம் கழித்துத் திறக்கிற மையம் அவளுக்கு உதவியே இல்லாத நேரத்தில் திறக்கிறது. ஆறு மணிக்குத் திறக்க முடியுமா என்று பாருங்கள். அந்த நேரத்துக்கு வழக்கமான டீச்சர் வர முடியாது, ஆனால் பக்கத்துக் குடிசையில் இருக்கிற உதவியாளரால் முடியும். முதல்வரின் காலை உணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருக்கிறது, இந்த மையங்களுக்கும் அதை நீட்டித்தால் பிள்ளையை எழுப்பிக் கூட்டிவரத் தாய்க்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

இதை மாநிலம் முழுக்க ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் எல்லாபுரம் ஒன்றியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சூளைகளின் பட்டியல், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை, நரிக்குறவர், இருளர் குடியிருப்புகளுக்கும் மிக அருகில் உள்ள மையத்துக்கும் இடையிலான தூரம், இந்த மூன்றையும் உங்கள் வட்டாரத் திட்ட அலுவலர் ஒரு மாதத்தில் எழுதித் தந்துவிடுவார். முதல் ரயில் நவம்பரில் வரும். அதற்குள் உத்தரவு வந்துவிட்டால் குடும்பங்கள் வந்து இறங்கும் வாரத்திலேயே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடலாம், பயிற்சிக்குப் பத்து நாள் போதும். பாட்டு, கதை, பிள்ளைகளோடு உட்காரும் விதம், இதில் என்னால் முடிந்ததைச் சொல்லித்தர நான் தயார், என்னோடு பணிபுரிந்து ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் எதுவும் வேண்டாம். எந்தச் சூளைக்கு எந்த நாளில் வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
திருவள்ளூர் மாவட்டம்